அன்னவாசலில் பிரித்துக் கட்டிய புத்தகம்

கீரனூரின் கடைசித் தெருவிளக்கைத் தாண்டிய பிறகும் போர்வெல் வண்டியின் சத்தம் முதுகுப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதிகாலை நாலே முக்கால். ஏழு வாரம் அந்த வண்டியோடு இருந்துவிட்டுக் கிளம்பி நடந்துகொண்டிருந்தேன். குழாய் மாட்டுவது, கழற்றுவது, மேலே வரும் வெள்ளைச் சேற்றை வழிப்பது, இதுதான் வேலை. மற்ற ஆறு பேரும் சத்தீஸ்கர்க்காரர்கள். நல்லவர்கள். ரொட்டி சுட்டால் எனக்கும் இரண்டு எடுத்து வைப்பார்கள். ஆனால் அவர்கள் பேச்சு எனக்கும் என் பேச்சு அவர்களுக்கும் தெரியாது. கம்ப்ரசர் ஓடும்போது யாருக்கும் பேச்சு தேவைப்படாது. அது நின்ற பிறகுதான் சிரமம். வண்டி மத்தியப் பிரதேசம் கிளம்புகிறது, வருகிறாயா என்று மேனேஜர் கேட்டார். வரவில்லை என்றேன். வலது காதில் ஒரு விசில் சத்தம் நிரந்தரமாகத் தங்கிவிட்டது. மற்றபடி நஷ்டம் ஒன்றுமில்லை.

அன்னவாசலுக்குக் குறுக்கே போகும் சாலை எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டதற்கு ஒருவர் இருபது என்றார், இன்னொருவர் இருபத்தைந்துக்குக் குறையாது என்றார். இருபுறமும் செம்மண், தைல மரக் காடு, நடுநடுவே முந்திரி, வற்றிய கண்மாய். தைல மரக் காட்டுக்குள் பறவைச் சத்தம் குறைவு. காய்ந்த இலை மிதிபடும் சத்தம் நம்முடையதுதானா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்க்க வைக்கும். ஏழு மணிக்கு ஒரு பால் வேன்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். குடுமியான்மலை வரை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அங்கிருந்து மீண்டும் நடந்தேன்.

ஒன்பது மணிக்கு அன்னவாசல். பேரூராட்சி, கடைவீதியை ஒரு பீடி முடிவதற்குள் நடந்து முடித்துவிடலாம். பேருந்து நிற்கும் இடத்தருகே டீக்கடை. டீ பன்னிரண்டு ரூபாய். வாசல் பெஞ்சில் வெளிநாட்டுக் கிழவர் ஒருவர் இடது தோளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். துணித் தொப்பி, முழங்கால் வரை செம்மண், காலடியில் ஒரு பை. சுற்றி நாலு பேர் நின்று அவரை வைத்துப் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"சீனாக்காரருதாங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா?"

"நீ எத்தன சீனாக்காரன் மூஞ்சியப் பாத்துருக்க? ஜப்பான்னு நான் அடிச்சுச் சொல்றேன்."

டீ மாஸ்டர் என்னிடம் முறையிட்டார். "அரை மணி நேரமா இப்படியே உக்காந்துருக்காருண்ணே. டீய நீட்டினா ரெண்டு கையால வாங்கிக் கும்புடுறாரு. வேற என்ன வேணும்னு கேட்டா சிரிக்கிறாரு. கையில இருக்கது மடக்குற போனு, அதுலயும் ஒண்ணும் பாக்க முடியல."

அப்போது கிழவர் எழ முயன்று, "அய்கோ" என்று முனகி மறுபடி உட்கார்ந்தார்.

அந்த முனகல் எனக்குத் தெரியும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கொரிய எஞ்சினியர்கள் தங்கும் விடுதியில் இரண்டு வருடம் பாத்திரம் கழுவினேன். அங்கிருந்த கொரியச் சமையல்காரர் குனியும்போதெல்லாம் "அய்கோ", நிமிரும்போதெல்லாம் "அய்கோ". அவரிடம் ஐம்பது சொல் பொறுக்கியிருந்தேன். எல்லாம் தின்பதும் கழுவுவதும்.

"அன்யோங் ஹசேயோ" என்று கொரிய வணக்கம் சொன்னேன்.

நாலு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மழை போலப் பேச ஆரம்பித்தார். எனக்குப் பத்தில் ஒன்று கூடப் புரியவில்லை. தண்ணீர், சோறு, வலி என்று மூன்று சொல் வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

"என்ன படிச்சிருக்கீங்கண்ணே?" என்றார் மாஸ்டர்.

"எட்டாவது."

"எட்டாவதுலயே கொரியா பாசை வச்சிட்டானா? எம்மவன் பன்னெண்டாவது முடிச்சிட்டு இங்கிலீசுக்கே நாக்குத் தள்ளுறான்."

கிழவர் பெயர் பாக். வயதை விரலில் காட்டினார், அறுபத்தெட்டு. மடித்து மடித்துக் கிழிந்த வரைபடத்தில் திருச்சியிலிருந்து ஒரு பென்சில் கோடு புறப்பட்டு ராமேஸ்வரத்தில் முடிந்தது. நடந்தே போகிறார். முந்தின இரவு இலுப்பூரில் தங்கியிருக்கிறார். நாலு நாள் முன்பு எங்கோ வாய்க்கால் ஓரம் வழுக்கி விழுந்து தோள் பிசகியதை நடித்துக் காட்டினார். வரைபடத்தில் அடுத்துப் பென்சில் வட்டம் போட்டிருந்த இடம் சித்தன்னவாசல்.

அவர் பையை நான் எடுத்து மாட்டிக்கொண்டேன். ஆறு கிலோ இருக்கும். பெரிய கனமில்லை, ஆனால் கெட்டுப்போன தோளுக்கு அரைக் கிலோவே அதிகம்.

கடைவீதியில் ஒரு பூட்டிய கடை முன்னால் அவர் நின்றுவிட்டார். ஜெராக்ஸ், லேமினேஷன், பைண்டிங் என்று எழுதி, திறந்த புத்தகப் படமும் கத்தரிக்கோல் படமும் போட்ட போர்டு. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். என்னவென்று எனக்கு விளங்கவில்லை. நடந்தோம்.

சித்தன்னவாசல் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர். போகிற வழியில் ஒரு வேப்ப மர நிழலில் அவர் தன் திட்டத்தைச் சொன்னார். பையைத் தொட்டார், என் தோளைத் தொட்டார், வரைபடத்தில் ராமேஸ்வரத்தைத் தொட்டார். தரையில் குச்சியால் 15 என்று எழுதிச் சூரியனைக் காட்டினார். பதினைந்து நாள். அதன் கீழே 600 என்று எழுதி, சாப்பிடுவது போலச் சைகை செய்தார். நாளுக்கு அறுநூறும் சாப்பாடும்.

தொகையை விடுங்கள். பதினைந்து நாள் ஒரே ஆளோடு நடப்பது. ஒரே ஆளோடு காலையும் மாலையும் டீ குடிப்பது. அப்படி நான் நடந்து எத்தனை வருடம் என்று அந்த மர நிழலில் யோசித்துப் பார்த்தேன், எண்ணிக்கை பிடிபடவில்லை. "நே" என்றேன். கொரிய மொழியில் சரி என்று அர்த்தம்.

பத்தரைக்குச் சேர்ந்தோம். எனக்கு டிக்கெட் இருபத்தைந்து ரூபாய், அவருக்கு முந்நூறு. போகாதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு இடம் பார்க்க வேண்டும், இரண்டும் வேறு வேறு. மலைமேல் ஏழடிப்பட்டம். பாறையில் வெட்டிய படியில் கம்பியைப் பிடித்து ஏறினால், மலையின் மறுபக்கம் ஒரு குகைத் தாழ்வாரம் வரும். சமணத் துறவிகளின் கல் படுக்கைகள் பதினேழு, தலைப்பக்கம் தலையணை போல மேடாகச் செதுக்கியது. ஒவ்வொரு படுக்கையும் ஓர் ஆளுக்குத்தான். புரண்டு படுக்கக் கூட இடம் விடவில்லை. பாக் ஒன்றின் அருகே முழங்காலிட்டு உள்ளங்கையால் அதன் வழவழப்பைத் தடவிப் பார்த்தார். கீழே இருக்கும் குடைவரையில் ஓவியம். விதானத்தில் தாமரைக் குளம், மீன், யானை, பூப்பறிக்கும் ஆட்கள். பல இடத்தில் அழிந்துவிட்டது. மிச்சத்தைக் கண் பழகிய பிறகுதான் பார்க்க முடியும். அவசரமாக வந்த ஒரு குடும்பம் இரண்டு நிமிடத்தில் வெளியே போய்விட்டது.

வெளியே பாறை நிழலில் உட்கார்ந்து பாக் பைக்குள்ளிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். செங்கல் என்று சொன்னால் குறைவு. ஆயிரத்து நூறு பக்கம், கெட்டி அட்டை. பையின் கனத்தில் பாதிக்கு மேல் அதுதான் என்று அப்போது தெரிந்தது. முக்கால் பாகம் தாண்டி ஒரு நாடா வைத்திருந்தார். அங்கே திறந்து, கொஞ்சம் வாய்விட்டுப் படித்தார். பிறகு என்னைப் பக்கத்தில் அழைத்து, புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினார். ஓர் இடத்தில் பக்கத்தின் மேல்பாதி வெறுமையாக இருந்து, பெரிய எழுத்தில் ஒரு வரி வந்தது. அதில் விரல் வைத்து, "இல்-ஜாங்" என்றார். நூறு பக்கம் தள்ளி அதே போல இன்னொரு பக்கம். "ஈ-ஜாங்." அடுத்து, "சாம்-ஜாங்."

விடுதியில் தட்டு எண்ணும்போது ஹானா, தூல், செத் என்றுதான் எண்ணுவோம். "ஹானா-ஜாங்?" என்றேன். தலையை ஆட்டிச் சிரித்தார். தட்டுக்கு ஒரு கணக்கு, புத்தகத்துக்கு வேறு கணக்கு போலிருக்கிறது. "இல்-ஜாங்" என்று திருத்தினார். ஜாங் என்றால் நாம் அத்தியாயம் என்கிறோமே, அது. மொத்தம் பன்னிரண்டு. ஒன்பது படித்துவிட்டார். நாடா இருந்த இடம் பத்தாவது, சிப்-ஜாங்.

எழுத்தையும் காட்டினார். கூரை போட்ட இரண்டு கால், பக்கத்தில் ஆணி அடித்த ஒரு கம்பம், அடியில் ஒரு வட்டம். எண் எதுவானாலும் அந்த எழுத்து கடைசியில் வந்து நிற்கும். குச்சியால் தரையில் நான் எழுதினேன். வட்டம் கோணலாகிவிட்டது. அவர் கோணலைச் சரி செய்தார். எட்டாம் வகுப்புக்குப் பிறகு என் எழுத்தை ஒருவர் திருத்தியது அன்றைக்குத்தான்.

பிறகு ஒன்பது ஜாங்கையும் ஒரு கையால் பிடித்து, பத்தாவது தொடங்கும் இடத்தில் மறு கையைக் கத்தி போல இறக்கினார். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் அதே போல. ஒன்பதைத் தூரத் தள்ளி, மிச்சத்தை நெஞ்சோடு அணைத்தார். தோளைத் தொட்டுப் புன்னகைத்தார்.

எல்லாம் விளங்கியது. அந்த போர்டு முன்னால் ஏன் நின்றார் என்பதும் விளங்கியது. படித்த பாகத்தை விட்டுவிட்டு மூன்று ஜாங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் பை பாதியாகும். நல்ல தோளில் தானே தூக்கிவிடுவார். ஆள் வேண்டாம்.

அன்னவாசலுக்குத் திரும்பும் மூன்று கிலோமீட்டரும் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. புரியாத மாதிரி இருந்தால் போதும்.

இரண்டரை மணி. கடை திறந்திருந்தது. நடத்துகிற பெண்ணின் பெயர் பூங்கொடி, முப்பது வயது இருக்கும். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் ஒரு வெட்டுமெஷின். அதன் இரும்புப் பிடியில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. பாக் இரண்டு கையாலும் புத்தகத்தை நீட்டி, கையைக் கத்தியாக்கிக் காட்டினார்.

"அட்டை போடணுங்களா? அதான் நல்லா இருக்கே" என்றாள் என்னிடம்.

"எனக்கு என்னம்மா தெரியும்" என்று வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அவள் தன் போனை எடுத்து அவர் வாய்க்கு நேரே பிடித்தாள். அவர் பேசினார். போன் ஒரு பெண் குரலில் தமிழில் சொன்னது: "தயவுசெய்து இதை நறுக்கித் தாருங்கள்."

"நறுக்கவா? இதென்ன கத்திரிக்காயா?" இன்னொரு தடவை பிடித்தாள். மறுபடியும் நறுக்கத்தான் சொன்னது. பூங்கொடி புத்தகத்தை மேசையில் மெதுவாக வைத்து, தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "வேஸ்ட் பேப்பரு, கலியாணப் பத்திரிகை, எதுன்னாலும் வெட்டுவேங்க. படிக்கிற பொஸ்தகத்து மேல கத்தி வைக்க மாட்டேன். கிழிஞ்சு வர்றத ஒட்டிக் குடுக்கிறதுதான் எங்க தொழிலு. சரஸ்வதியக் கொண்டாந்து வெட்டுன்னா எப்புடிங்க? புதுக்கோட்டைல வேணா கேட்டுப் பாருங்க, அங்கயும் செய்ய மாட்டாக."

அவள் தலையாட்டிய விதத்தில் பாக்குக்குப் புரிந்துவிட்டது. வற்புறுத்தவில்லை. குனிந்து வணங்கினார். நாடா இருந்த பக்கத்தைத் திறந்து ஒரு வரி படித்தார். நாடாவை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் அவள் பக்கம் தள்ளிவிட்டு, பையைத் தூக்கிப் பார்த்தார். தோள் வலியில் முகம் சுருங்கியது. பையை என் பக்கம் நீட்டவில்லை. வாசலைப் பார்த்தார்.

அதாவது, முழுப் புத்தகத்தையும் அங்கேயே விட்டுவிட்டுப் போகப் போகிறார். மூன்று ஜாங் படிக்காமல்.

என் வேலையும் அந்தப் புத்தகத்தோடு போகிறது என்பது ஒரு பக்கம். அது மட்டும்தான் காரணம் என்றால் பையை நானே பிடுங்கி மாட்டிக்கொண்டு, புத்தகத்தையும் எடுத்து உள்ளே வைத்து நடையைக் கட்டியிருக்கலாம். அவரும் வந்திருப்பார். கை கூட நீண்டது. ஆனால் அவர் கடைசியாகப் படித்த அந்த வரியில் கண் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டேன்.

"ஏம்மா, நில்லு" என்றேன். "அவரு வெட்டி எறியச் சொல்லல. இந்தப் பொஸ்தகத்துல பன்னெண்டு அத்தியாயம். ஒன்பது படிச்சிட்டாரு. மிச்சம் மூணையும் தனித்தனியாப் பிரிச்சுக் கேக்குறாரு. தோளு போயிருச்சு, எல்லாத்தையும் சுமக்க முடியல. ராமேஸ்வரம் போறதுக்குள்ள படிச்சு முடிக்கணும்."

பூங்கொடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இத வந்தவுடனே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

நான் பெஞ்சிலிருந்து எழுந்து மேசைப் பக்கம் வந்தேன்.

"பிரிக்கிறது வேற, வெட்டுறது வேற" என்று புத்தகத்தை மடியில் இழுத்துக்கொண்டாள். அட்டையை நீக்கி, முதுகில் இருந்த பசையை ஈரத் துணியால் ஊற வைத்து, தையலை ஊசி முனையால் ஒவ்வொரு முடிச்சாக எடுத்தாள். "நல்ல தையலு. எந்தக் கை தச்சதோ." நூல் விட்டதும் நிமிர்ந்தாள். "எந்த எடத்துல பிரிக்கிறது? எனக்கு எல்லாம் ஒரே மாதிரி கோலமாத்தான் தெரியுது."

பாக் கையை நீட்டினார். அதற்குள் நான் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்திருந்தேன். கூரை, கம்பம், வட்டம். துடைப்பக் குச்சியை ஒடித்து முதல் இடத்தில் வைத்தேன். "சிப்-ஜாங்" என்றேன். பாக் தலையாட்டினார். அடுத்தது கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. மூன்றாவது இடம், சேர்த்துத் தைத்த தாள் மடிப்பு ஒன்றின் நடுவில் வந்தது. பூங்கொடி பிளேடால் அந்த மடிப்பை மட்டும் கீறினாள், கீறும் முன் உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டாள்.

அட்டை வேண்டாம் என்று பாக் கையசைத்தார். அவள் கேட்கவில்லை. "அட்டை இல்லாம அம்மணமா அனுப்ப மாட்டேன். கனமா இருக்காது, மெல்லிசுதான் போடுறேன்." மூன்று ஜாங்குக்கும் பச்சை சார்ட் அட்டை. ஒன்பது ஜாங் கொண்ட பெரிய பாகத்துக்குப் பழைய கெட்டி அட்டையையே திருப்பி ஒட்டினாள். நூற்றிருபது ரூபாய் வாங்கினாள்.

ஐந்தே காலுக்குப் புதுக்கோட்டை பேருந்து. பொழுது சாய்ந்துவிட்டதால் அன்றைக்கு மட்டும் பேருந்தில் போய்த் தங்கிவிட்டு, காலையில் அங்கிருந்து நடப்பதாகச் சைகை காட்டினார். பையை வலது தோளில் மாட்டி, இரண்டு குதி குதித்துப் பார்த்தார். முகம் சுருங்கவில்லை. கூட வரட்டுமா என்று கேட்க என்னிடம் கொரியச் சொல் இல்லை. கிண்ணம் இருந்தது, கரண்டி இருந்தது, சூடு இருந்தது, போதும் இருந்தது. அவர் பெரிய பாகத்தை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். நானும் இரண்டு கையால் வாங்கினேன். பேருந்து கிளம்பியது. ஜன்னலில் பச்சை அட்டை ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, கை காட்ட மறந்து படித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது பூங்கொடி கடை வாசலில் நின்றாள். "அத வச்சு என்ன செய்யப் போறீக?"

"நீ வச்சுக்கிறயாம்மா?"

"படிக்கத் தெரியாத பொஸ்தகம் எனக்கு எதுக்கு? பழைய பேப்பர்காரன்ட்ட மட்டும் போட்டுறாதீக. சொல்லிட்டேன்."

பை தூக்குகிற வேலை எனக்குக் கிடைக்கவில்லை. பையின் கனத்தில் பாதி கிடைத்தது. அந்தப் புத்தகம் எதைப் பற்றியது என்று இன்றுவரை தெரியாது. ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் கனமான பொருள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது என் வழக்கம். சட்டை இரண்டு, வேட்டி ஒன்று, ஒரு போர்வை. அன்றிரவு பேருந்து நிழற்குடையில் அந்தப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். உயரம் சரியாக இருந்தது.

காலை ஆறு மணிக்கு அதே டீக்கடை. தைல மரம் வெட்டுகிற காண்ட்ராக்டின் மேஸ்திரி ஆள் எடுக்க வந்திருந்தார். பட்டை உரிக்க வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும். காகித ஆலைக்குப் போகிற கட்டைகள்.

"இவர எடுத்துக்கங்க" என்றார் டீ மாஸ்டர். "கொரியா பாசையெல்லாம் பேசுவாரு."

"மரத்துக்கிட்ட தமிழ்ல பேசுனாலே போதும்" என்றார் மேஸ்திரி. டிராக்டரில் ஏற்றும்போது என் பையை வாங்கி வைத்தவர், கை தாழ்ந்ததும் கேட்டார். "என்னங்க இது, கல்லா?"

"புத்தகம்."

"இம்புட்டுப் பெரிசா? என்ன கதை?"

"தெரியலைங்க. ஒன்பது ஜாங் இதுல இருக்கு. கடைசி மூணும் ராமேஸ்வரம் போய்க்கிட்டிருக்கு."

ஜாங் என்றால் என்னவென்று அவர் கேட்கவில்லை. பையை டிராக்டரின் கருவிப் பெட்டிக்கு மேல், எண்ணெய் படாத இடமாகப் பார்த்து வைத்தார். காட்டுக்குள் போய் இறங்கியதும் முதல் கட்டையைத் தூக்கி என் தோளில் வைத்தார்கள். பச்சை மரம். நல்ல கனம்.